எல்லைச் சாலையில் ஓர் இராப்போஜனம்

ஹோட்டலில் சாப்பாடு நன்றாயில்லை என்பதும் பத்திரிகையில் எழுதத்தக்க ஒரு விஷயமா என்று நேயர்களிற் சிலர் புருவத்தை நெரிக்கலாம். தேசத்தில் எத்தனையோ பெரிய சங்கடங்கள் இருக்க, ஆறிப்போன தோசையைக் குறித்து ஒருவன் பத்தி பத்தியாக எழுதுவதாவது! நானும் வெகு காலம் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஆனால், சென்ற கோடை விடுமுறையில் ஓசூர் எல்லையருகே ஒரு பெரிய ஹோட்டலில் எங்களுக்கு நேர்ந்த அனுபவம் அந்த எண்ணத்தைக் குலைத்துவிட்டது. அன்றிரவு அந்த ஹோட்டல்காரர் நடந்துகொண்ட விதம் சரியல்ல. நான் நடந்துகொண்ட விதமும் எனக்கே திருப்தியாக இல்லை. ஆகவேதான் எழுதுகிறேன்.

ஓசூரை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. முன்னாளில் குளிர்ந்த காற்றும் குதிரைப் பண்ணையும் பிரசித்தமாயிருந்த இந்தச் சிற்றூர், 1970-களிலிருந்து தொழிற்பேட்டையாக மாறிற்று. மோட்டார் சைக்கிள், லாரி, கைக்கடிகாரம் என்று இங்கே செய்யாத சாமான் கிடையாது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்கிய ஊரில் இப்போது ஹிந்தியும் ஒடியாவும் அஸ்ஸாமியும் சேர்ந்திருக்கின்றன. 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. 2019-ல் ஓசூர் மாநகராட்சியும் ஆயிற்று. ஊர் வளர்ந்த வேகத்தில், ஓய்வு நாளை எங்கே கழிப்பது என்ற கேள்விக்கு மட்டும் ஊருக்குள் விடை அகப்படவில்லை. ஆலைத் தொழிலாளியும் குமாஸ்தாவும் பள்ளி ஆசிரியரும் குழந்தைகளை அழைத்துக்கொண்டு அத்திப்பள்ளிச் சுங்கச் சாவடியைத் தாண்டி வடக்கே போகிறார்கள். பெங்களூரைக் கடந்தால் ராட்டினங்களும் செயற்கை அலைகளும் நிறைந்த கேளிக்கைப் பூங்காக்கள் இருக்கின்றன. வருஷத்திற்கு ஒரு நாள் அங்கே போவது இப்பக்கத்துக் குடும்பங்களுக்குத் திருவிழா மாதிரி. அதற்காக உண்டியலில் காசு சேர்க்கும் குழந்தைகளை நான் அறிவேன். என் வீட்டிலேயே இரண்டு இருக்கின்றன.

நாங்கள் ஐவர் புறப்பட்டோம்: என் தாயார், மனைவி, பிள்ளைகள் இருவர், நான். தாயார் தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து வளர்ந்தவர். வெளியூர் கிளம்பினால் கட்டுசாதம் இல்லாமல் படியிறங்கமாட்டார். அன்றும் ஒரு தூக்கில் தயிர்சாதம், மற்றொன்றில் சப்பாத்தி, வாழையிலையில் சுற்றிய நார்த்தங்காய் ஊறுகாய், இவ்வளவும் விடியற்காலை மூன்று மணிக்கே தயாராகிவிட்டன.

பூங்காவின் வாயிலில் மூட்டையை அவிழ்த்துப் பார்த்தார்கள். வெளியாகாரம் உள்ளே கூடாதாம். சிப்பாய் மரியாதையாகத்தான் சொன்னார். விதி அவர் போட்டதல்லவே. தூக்குகள் வண்டிக்குத் திரும்பின. சித்திரை வெயிலில் மூடிய வண்டிக்குள் பகல் முழுவதும் கிடந்த தயிர்சாதம் சாயங்காலம் என்ன கதியை அடைந்திருக்கும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. தாயார் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து, ஒன்றும் பேசாமல் மரத்தடியில் நின்ற நாய்க்கு வைத்தார். அவர் ஒன்றும் பேசாததுதான் எனக்குச் சங்கடமாயிருந்தது.

இந்த விதி சட்டப்படி செல்லுமா என்று நேயர்கள் கேட்கலாம். சினிமாக் கொட்டகைகள் சம்பந்தமாக இதே கேள்வி ஜம்மு-காஷ்மீரிலிருந்து சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. வெளியாகாரத்தைத் தடுக்கக் கொட்டகைச் சொந்தக்காரருக்கு உரிமை உண்டு என்றும், ஆனால் சுத்தமான குடிதண்ணீரை இலவசமாகக் கொடுக்கவேண்டும் என்றும், கைக்குழந்தைக்கு வேண்டிய ஆகாரத்தைப் பெற்றோர் எடுத்துச் செல்லலாம் என்றும் 2023 ஜனவரி 3-ல் தீர்ப்பாயிற்று. அது கொட்டகையைப் பற்றிய தீர்ப்பு. மூன்று மணி நேரம் படம் பார்ப்பவன் பசி பொறுப்பான். காலை முதல் மாலை வரை ஒரு வளாகத்துக்குள் அடைபட்டிருக்கும் எழுபது வயதுக் கிழவிக்கும் அதே நியாயம் பொருந்துமா என்பதை யாராவது ஒருவர் கோர்ட்டிற் கேட்டால் நல்லது. நான் அன்று கேட்கவில்லை. குழந்தைகள் ராட்டினத்தைப் பார்த்துவிட்டார்கள். அதற்குமேல் தகப்பனுக்கு ஏது நாக்கு?

பகல் நன்றாகவே கழிந்தது என்பதையும் சொல்லிவிடவேண்டும். பிள்ளைகள் தண்ணீரிலேயே கிடந்தார்கள். தாயார் கூட ஒரு சிறு ராட்டினத்தில் ஏறி, இறங்கியதும் சந்திரசூடேசுவரருக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டார்.

திரும்பும்போது இரவு ஒன்பது மணி. பிள்ளைகளுக்கு நான் செய்திருந்த வாக்குறுதி ஒன்று பாக்கியிருந்தது: வழியில் ஒரு பெரிய ஹோட்டலில் இராச்சாப்பாடு. எல்லைக்குச் சமீபத்தில், ஜகஜ்ஜோதியாக விளக்குகள் எரிய, கண்ணாடிக் கதவுகளோடு ஒரு ஹோட்டல் நின்றது. பெயர் வேண்டாம். அது போன்றவை அச்சாலையில் பல. ஒன்றைத் தூற்றி மற்றவற்றைத் தப்பவைப்பது என் நோக்கமன்று.

உட்கார்ந்து கால் மணி கழிந்து ஒரு சர்வர் வந்தார். இருபது வயதுப் பையன், ஒடிஸாவைச் சேர்ந்தவனாம். கையிலிருந்த பதார்த்த அட்டை முழுவதும் இங்கிலீஷ். தமிழும் இல்லை, கன்னடமும் இல்லை, தெலுங்கும் இல்லை. மூன்று பாஷைகளும் கைகோத்து நிற்கும் ஊரில் இம்மூன்றையும் விட்டுவிட்டு நாலாவது பாஷையில் அட்டை அச்சிடுவது ஒரு சாமர்த்தியந்தான்! மேலும், கேளாமலே இரண்டு தண்ணீர்ப் புட்டிகளைக் கொணர்ந்து மூடியைத் திருகி மேஜைமீது வைத்துவிட்டான். திறந்த புட்டியை வேண்டாமென்று சொல்ல நம்மவர்க்குக் கூச்சம் என்பதை அவனுக்கு யாரோ கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

தாயார் கேட்டார்: "ஏனப்பா, களி இருக்குதா? ராகிக் களி, கீரை மசியல்?"

பையனுக்குப் புரியவில்லை. பக்கத்தில் நின்ற மேற்பார்வைக்காரருக்குப் புரிந்தது. அவர் சிரித்தார். "அதெல்லாம் இங்கே கிடையாதம்மா. வேணும்னா சூப்பு சாப்பிடுங்க."

அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை. கிருஷ்ணகிரி ஜில்லாவின் மானாவாரி மேட்டு நிலங்களில் தலைமுறை தலைமுறையாக விளைந்த தானியம் ராகி. எல்லைக்கு இந்தப்புறம் களி, அந்தப்புறம் முத்தெ, தெலுங்கில் சங்கடி என்று பெயர்தான் மாறும்; உருண்டை ஒன்றே. அரிசியைவிடப் பன்மடங்கு சுண்ணாம்புச் சத்து உள்ளது என்று ஆகார சாஸ்திரிகள் சொல்லுகிறார்கள். இந்திய சர்க்காரின் பிரேரணையின்மேல் ஐக்கிய நாடுகள் சபை 2023-ஆம் வருஷத்தைச் சிறுதானிய வருஷமென்று உலகத்துக்கே அறிவித்தது. உலகம் அறிந்த சங்கதி, ராகி வயலிலிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள சமையற்கட்டை வந்து எட்டவில்லை. பெங்களூரின் விலையுயர்ந்த ஹோட்டல்களில் ராகிக்கு இங்கிலீஷ் பெயர் வைத்து ரொட்டியாகவும் பிஸ்கோத்தாகவும் விற்கிறார்கள். அங்கே அது நாகரிகம். கிழவி ஒருத்தி தமிழிற் கேட்டால் சிரிப்பு.

வேறு வழியின்றி அட்டையிலிருந்து எதையோ தேர்ந்தெடுத்தோம். முக்கால் மணிக்குமேல் காத்திருந்தோம். சின்னவன் மேஜைமீதே தலைசாய்த்துத் தூங்கிவிட்டான். வந்து சேர்ந்த நான் ரொட்டி செருப்புத் தைக்கும் தோல்போலிருந்தது. பன்னீர்க் குழம்பில் வெண்ணெய் மிதந்தது, உப்பு இல்லை. தோசை குளிர்ந்து, தொட்டால் ஒடிந்தது. தாயாருக்கு வந்த இட்லி மட்டும் சூடு. ஆனால் நடுவில் வேகவில்லை. ஒரு வருஷமாக உண்டியலில் காசு போட்ட பெரியவள் பாதித் தோசையை ஒதுக்கிவிட்டு, "அப்பா, வீட்டுக்குப் போகலாமா?" என்றாள். நல்லவேளை, ஐஸ்க்ரீம் நன்றாயிருந்தது. அதை அவர்கள் சமைக்கவில்லை.

பில் வந்தது. பதார்த்தங்களுக்கு 2,460 ரூபாய். 20 ரூபாய் என்று அச்சிட்ட தண்ணீர்ப் புட்டி ஒவ்வொன்றுக்கும் 60 ரூபாய் என்பதும் இதில் அடக்கம். அதன் கீழே "சர்வீஸ் சார்ஜ்" நூற்றுக்குப் பத்து, 246 ரூபாய். இவ்விரண்டையும் கூட்டி வந்த 2,706-க்கு நூற்றுக்கு ஐந்து வரி, 135 ரூபாய் 30 பைசா. ஆக 2,841 ரூபாய் 30 பைசா.

இந்தக் கணக்கைச் சற்று நிதானமாகப் பார்க்கவேண்டும். புட்டித் தண்ணீரின் விலை கசக்கிறது. ஆனால் சட்ட விரோதம் என்று சொல்ல இடமில்லை. ஹோட்டல்களில் உட்கார்ந்து சாப்பிடுபவர்க்கு அச்சிட்ட விலைக்குமேல் விற்கலாம் என்று 2017 டிசம்பர் 12-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. ஆகவே புட்டி வேண்டாம், சாதாரணத் தண்ணீர் போதும் என்று சொல்லக் கற்றுக்கொள்வதே பரிகாரம். நூற்றுக்கு ஐந்து வரியும் முறையானதே. 2017 நவம்பர் முதல் சாதாரண ஹோட்டல்களுக்கு அதுவே விகிதம். அது சர்க்காருக்குப் போகிறது.

அந்த நடுவரிதான் விஷயம். "சர்வீஸ் சார்ஜ்" என்பது சர்க்கார் வரியன்று. எந்தச் சட்டசபையும் அதை நிறைவேற்றவில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ல் வெளியிட்ட நெறிமுறைகளில், எந்த ஹோட்டலும் அதைத் தானாகவே பில்லில் சேர்க்கலாகாது, வேறு பெயரிட்டும் வசூலிக்கலாகாது, கொடுக்க மறுப்பவரை உள்ளே விடமாட்டோம் என்று சொல்லலாகாது, அதையும் கூட்டி மொத்தத்தின்மேல் வரி போடலாகாது என்று ஐயத்துக்கிடமின்றி எழுதியிருக்கிறது. ஹோட்டல்காரர் சங்கங்கள் டெல்லி ஹைகோர்ட்டுக்குப் போய் அம்மாதமே தடையுத்தரவு பெற்றன. இரண்டரை வருஷங்களுக்குமேல் வழக்கு நடந்து, 2025 மார்ச் 28-ல் அம்மனுக்கள் தள்ளுபடியாயின. மனுதாரர்கள் தலா ஒரு லக்ஷம் ரூபாய் கட்டும்படியும் உத்தரவாயிற்று. பிறகு அதே கோர்ட்டின் பெரிய பெஞ்சுக்கு அப்பீல் செய்தார்கள். ஆனால் எங்கள் மேஜைக்கு வந்த பில்லில், ஆணையம் கூடாதென்று சொன்ன இரண்டு காரியங்கள் ஒரே காகிதத்தில் வரிசையாக நின்றன.

இவ்வளவும் எனக்கு அன்றே தெரியும். தெரிந்தும் நான் பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

ஏன்? பிள்ளை தூங்குகிறான். மணி பதினொன்றை நெருங்குகிறது. நாலு பேர் பார்க்கிற இடத்தில் 246 ரூபாய்க்கு வாதாடுவதா என்ற வெட்கம். நம்மவரிடையே இந்த வெட்கம் ஒரு நாணயம்போலப் புழங்குகிறது. வியாபாரிகள் இதன் மதிப்பை நன்றாய் அறிவார்கள். எட்டு மைல் தள்ளித் தொரப்பள்ளி இருக்கிறது. 1878-ல் அங்கே பிறந்தவர், உப்புக்கு வரி கொடுக்கமாட்டோம் என்று 1930-ல் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தவர். பின்னர் அவரே பிரதம மந்திரியாகி, ஓசூர்த் தாலுகா அப்போது அடங்கியிருந்த சேலம் ஜில்லாவில் 1937-ல் மதுவிலக்கைத் தொடங்கி, கள்ளு வருமானம் போன பள்ளத்தை அடைக்க 1939-ல் சென்னை மாகாணத்தில் விற்பனை வரி போட்டார். வியாபாரிகள் கூச்சலிட்டார்கள், ஆயினும் சட்டசபையில் விவாதித்து, ஓட்டெடுத்து, பகிரங்கமாகப் போட்ட வரி அது. ஜனங்களின் பிரதிநிதிகள் போடுகிற வரிக்கும் கல்லாப் பெட்டிக்குப் பின்னாலிருப்பவர் போடுகிற வரிக்கும் உள்ள பேதத்தை அந்தப் பெரியவர் ஊர்க்காரனாகிய நான் அறிந்திருக்கவேண்டும். உப்பு சத்தியாக்கிரகத்தோடு என் ஹோட்டல் பில்லை ஒப்பிடுகிறேன் என்று யாரும் எண்ணவேண்டாம். வெட்கத்தின் அளவைத்தான் சொல்லுகிறேன்.

நான் மீதிச் சில்லறைக்கு நிற்கும்போது, அடுத்த மேஜையிலிருந்து ஒருவர் பில்லோடு எழுந்து வந்தார். மோட்டார் உதிரி பாகங்கள் செய்யும் ஆலையில் வேலை செய்பவர் என்று பிறகு தெரிந்தது. மனைவியும் மூன்று குழந்தைகளும் பின்னே நின்றார்கள். "சார், இந்த சர்வீஸ் சார்ஜை எடுத்துட்டு வேற பில் போடுங்க" என்றார், குரலை உயர்த்தாமல்.

மானேஜர் அவரைத் தலைமுதல் கால்வரை பார்த்தார். "கொடுக்க இஷ்டமில்லாதவங்க இந்த மாதிரி இடத்துக்கு எதுக்கு வர்றீங்க?"

நேயர்களே, இந்த வாக்கியம் நம் நாட்டுக்குப் புதிதன்று. காபி ஹோட்டல்களில் இன்னாருக்கு இந்தப் பக்கம் என்று பலகை தொங்கிய காலம் நம் பாட்டனார் கண்டது. சேரன்மாதேவி குருகுலத்தில் இரண்டு பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி வைத்ததற்காக 1924, 1925-ஆம் வருஷங்களில் தமிழ்நாட்டுக் காங்கிரஸே இரண்டுபட்டது. ரயில் நிலையச் சிற்றுண்டிச்சாலைகளில் ஜாதிவாரி இடம் 1941-ல்தான் ஒழிந்தது. காசு கொடுத்தால் யாரும் எந்த மேஜையிலும் உட்காரலாம் என்பது இவ்வளவு சண்டைக்குப் பிறகு கிடைத்த உரிமை. அதை இப்போது "இந்த மாதிரி இடம்" என்ற மூன்று சொற்களால் மெல்லத் திருப்பி வாங்கப் பார்க்கிறார்கள்.

அத்தொழிலாளி கோபிக்கவில்லை. கையிலிருந்த போனில் டெல்லித் தீர்ப்பைப் பற்றிய தமிழ்ச் செய்தியை எடுத்து மானேஜர்முன் வைத்தார். "படிச்சுப் பாருங்க சார். அப்புறமும் போடணும்னா, போட்டதா எழுதிக் கொடுங்க. 1915-க்கு போன் பண்ணிக்கிறேன்."

அப்போதுதான் எனக்குக் கால் வந்தது. நானும் அவர் பக்கத்திற் போய் நின்று, என் பில்லையும் திருத்தவேண்டுமென்றேன். மானேஜர் சிறிது யோசித்து, அவருடைய பில்லை மாற்றிக் கொடுத்தார். "உங்களுது பணம் கட்டி முடிஞ்சுபோச்சு சார். சிஸ்டம்லே ஒண்ணும் செய்ய முடியாது" என்று என்னிடம் சொல்லிவிட்டார். முதலிற் பேசியவனுக்கு நியாயம், தாமதித்தவனுக்கு சிஸ்டம். எனக்குக் கிடைத்தது நான் சம்பாதித்ததுதான்.

ஹோட்டல்காரர் பக்கமும் கொஞ்சம் பேசவேண்டும். வாடகை, எரிவாயு, ஆட்கூலி, போன் மூலம் உணவு கொண்டுபோகிற கம்பெனிகளின் தரகு எல்லாம் ஏறியிருக்கின்றன, அதை மறுப்பவனல்லன். அவ்வாறானால் விலையை ஏற்றிப் பதார்த்த அட்டையிலேயே அச்சிடட்டும். பார்த்துவிட்டு உள்ளே வருவதும் வராததும் நம் இஷ்டம். பெங்களூரில் 1924-ல் தொடங்கிய மாவள்ளி டிபன் ரூம்ஸ் சரித்திரத்தை இவர்கள் படிக்கலாம். 1975-ல் அவசர நிலைமை வந்தபோது, ஹோட்டல் பதார்த்தங்களைக் கட்டுப்படியாகாத குறைந்த விலைக்கு விற்கவேண்டுமென்று சர்க்கார் கட்டளையிட்டது. அவர்கள் நெய்யில் கலப்படம் செய்யவில்லை, அளவைக் குறைக்கவில்லை. அன்றன்று ஏற்பட்ட நஷ்டத்தைப் பலகையில் எழுதி ஜனங்கள் பார்க்க வைத்தார்கள். தாளமுடியாமற்போனதும் கதவைச் சாத்திவிட்டு மாவுப் பொட்டலம் விற்கப் போய்விட்டார்கள். பிற்காலத்தில் திரும்பத் திறந்தபோது ஜனங்கள் வரிசையில் நின்றார்கள், இன்றும் நிற்கிறார்கள். கணக்கை வாசலில் எழுதியவருக்கும் பில்லின் நடுவில் ஒளித்தவருக்கும் ஜனங்கள் காட்டுகிற முகம் ஒன்றாயிராது.

"சர்வருக்காகத்தானே வாங்குகிறோம்" என்பது இவர்களுடைய கடைசி வாதம். வண்டியண்டை வந்து பிள்ளையின் மறந்துபோன தொப்பியைக் கொடுத்த அந்த ஒடிஸாப் பையனிடம் அதைக் கேட்டேன். மாதச் சம்பளமும் மாடியில் படுக்க இடமும் உண்டு, வேறொன்றும் கைக்கு வருவதில்லை என்று பாதிக் கன்னடத்தில் சொன்னான். ஐம்பது ரூபாய் கொடுத்தேன். வாங்குவதற்குமுன் கண்ணாடிக் கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டான். எண்ணூறு மைலுக்கப்பாலிருந்து பிழைக்க வந்த பிள்ளை. தனக்கென்று சொல்லி வசூலாகும் பணத்தைத் தான் பார்த்ததில்லை. நம்மோடு சேர்ந்து ஏமாந்தவன் அவனும்.

வண்டி கிளம்பியதும் தாயார் கேட்டார்: "ஏண்டா, அந்தப் பிள்ளை கேட்டாரே, அதை நீ ஏன் முதல்லே கேக்கலே?" நான் பதில் சொல்லவில்லை. மனைவியும் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். சூளகிரிப் பக்கம் போகும் லாரிகளுக்காக விடிய விடியத் திறந்திருக்கும் ஒரு சிறிய கடையில் நிறுத்தச் சொல்லித் தாயாரே இறங்கினார். அங்கே களி இருந்தது; அவரைக்காய்க் குழம்பும் இருந்தது. கடைக்காரர் தெலுங்கில் கேட்டார், இவர் தமிழிற் சொன்னார், பின்னால் நின்ற லாரி டிரைவர் கன்னடத்தில் இன்னொரு உருண்டை கேட்டார். விழித்துக்கொண்ட பிள்ளைகளுக்கும் ஆளுக்குப் பாதி கிடைத்தது. எல்லாம் சேர்த்து 140 ரூபாய். பில் இல்லை, சுவரில் சுண்ணாம்பால் விலை எழுதியிருந்தது.

மறுநாள் காலை நான் பில்லைப் படமெடுத்து, தேசிய நுகர்வோர் உதவி எண்ணாகிய 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதிவு செய்தேன். பத்து நிமிஷம் ஆயிற்று. சேவைக் கட்டணம் 246 ரூபாயும், அதன்மேற் போட்ட வரி 12 ரூபாய் 30 பைசாவும் திரும்ப வேண்டுமென்று கேட்டிருக்கிறேன். புகாருக்கு நம்பர் வந்தது. ஹோட்டல்காரரிடமிருந்து பதில் இன்னும் வரவில்லை.